யானை முதுகில் ஒரு சம்பந்தம்

போன வாரம் மண்டிக்கு வந்த ஒருவர், வாழைத்தாரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பு, தார் வேணுமா, நான் வேணுமா?" என்றேன்.

"மைசூரு பக்கமெல்லாம் போய்ட்டு வந்தீங்களாமே... புலி பாத்தீங்களா?"

திண்டுக்கல் முழுக்க இதே கேள்விதான். நான் புலி பார்க்கப் போகிற சேதியை யார் பரப்பியது? வேறு யார்? நான்தான்!

இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சிறுமலையிலிருந்து தலைச்சுமையாகத் தார் இறக்கியவன். இன்று சொந்த மண்டி, சொந்த அம்பாஸடர் கார், சொந்தமாக ஒரு பத்தி. அடக்கமாக இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் சரோஜாவுக்குத் தொப்பம்பட்டியில் ஒரு வரன். மாப்பிள்ளையின் அப்பா பொன்னுச்சாமி, தென்னந்தோப்புக்காரர். ஜாதகம் பொருந்தியது. பையனைப் பிடித்தது. ஆனால் பொன்னுச்சாமியின் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் மட்டும் வரவே இல்லை. மனிதர் எதற்குமே வாயைத் திறப்பதில்லை. அவர் வீட்டம்மாதான் ஒருநாள் சொன்னார்:

"ரெண்டு ஊட்டுப் பெரியவங்க நாலு பேரும் ஒரே வண்டியில எங்கியாச்சும் போய்ட்டு வரலாமுங்க. அப்பத்தானுங்க மனுசாளத் தெரியும்."

விடுவேனா? "முதுமலைக் காடு, மைசூர் அரண்மனை, நம்ம கார்! புலிய நான் காட்டுறேன்!" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். என் மண்டிக்கு வரும் லாரி டிரைவர், அந்த ரோட்டில் புலிகள் நாய் மாதிரி திரியும் என்று சொல்லியிருந்தான்.

கிளம்பும்போது டிக்கியில் ஒரு சிறுமலைத் தார் ஏற்றினேன்.

"இது எதுக்கு?" என்றாள் என் வீட்டுக்காரி.

"ராசா வீட்டுக்கு வெறுங்கையோடயா போறது?"

பெரிய வீட்டு வாசலை மிதித்தால் கையில் பழம் இருக்க வேண்டும். மண்டிக்காரன் முறை அது.

முதுமலையில் விடியற்காலையில் யானை மேல் ஏற்றினார்கள். முதுகில் ஒரு பலகை ஸீட். ஆண்கள் இருவரும் ஒரு பக்கம், பெண்கள் இருவரும் மறுபக்கம், முதுகோடு முதுகு. பாகன் திரும்பி, "ஐயா, உள்ள போனா யாரும் பேசாதீங்க" என்றார்.

பேசக் கூடாதாம். என்னை!

ஒரு மான் கூட்டம் வந்தது. "இது என்ன, ஆடு மேயுற மாதிரி மேயுது" என்றேன். ஒரு மயில் வந்தது. பொன்னுச்சாமி அபூர்வமாக வாயைத் திறந்து, "எங்க தோப்புலயே மேயுதுங்க" என்றார். அத்தோடு மூடிக்கொண்டார். பக்கத்தில் ஒருவர் அப்படி ஊமையாக உட்கார்ந்திருந்தால் மனசு கேட்குமா? சிறுமலையில் ஒரு காட்டெருமை என்னைத் துரத்தியதையும், நான் தலையிலிருந்த தாரைப் போட்டுவிட்டு ஓடாமல் தாரோடு ஓடியதையும், கடைசியில் அது மூச்சு வாங்கி நின்றுவிட்டதையும் நடித்தே காட்டினேன். எருமை மூச்சு வாங்கியதைக்கூட.

பின்னாலிருந்து பலகை கடகடவென்று குலுங்கியது. பொன்னுச்சாமி வீட்டம்மா பயத்தில் நடுங்குகிறார் போல. "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்!" என்று தைரியம் சொன்னேன். பலகை இன்னும் குலுங்கியது.

யானை நின்றது. பாகன் கீழே கையைக் காட்டினார். ஈர மண்ணில் இலைத் தட்டு அகலத்துக்கு ஒரு காலடி.

"புலிங்கய்யா. இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்கு. சத்தம் கேட்டுருச்சு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யானைகூடத் திரும்பி என்னைப் பார்த்தது போலிருந்தது.

இறங்கியதும் என் வீட்டுக்காரி கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனாள். "ஒங்க வாயாலதான் எம்புள்ள வாழ்க்கை போகப் போகுது. அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தீங்களா? ஊரு திரும்புற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரோஜா மேல ஆணை!"

மகள் மேல் ஆணை. என்ன செய்வேன்?

மறுநாள் மைசூர் அரண்மனை வாசல். தோளில் தாரோடு நான். காவலுக்கு நின்றவர் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று கன்னடத்தில் சொன்னார். பதில் சொல்ல என்னிடம் ஆயிரம் இருந்தது. வாய் இல்லை. தாரைக் காட்டினேன், அரண்மனையைக் காட்டினேன், கும்பிட்டுக் காட்டினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த அதிசயம். பொன்னுச்சாமி முன்னால் வந்தார்.

"ஏனுங்க, இவரு திண்டுக்கல்லுல பெரிய மண்டிங்க. இது சிறுமலப் பழமுங்க. ராசாவுக்குன்னு அங்கிருந்து கொண்டாந்திருக்காருங்க. உள்ள வேண்டாம்னா விடுங்க, நீங்களாச்சும் ரெண்டு சாப்பிட்டுப் பாருங்க!"

காவலருக்கு எவ்வளவு புரிந்ததோ. சிரித்துக்கொண்டே தாரை வாங்கி ஓரமாக வைத்தார். திரும்பி வரும்போது வாசலில் இருந்த குதிரை வண்டிக்காரர்கள் எல்லாரும் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே... என்ன சொல்ல! மண்டபத்துக் கூரை முழுக்கக் கண்ணாடியில் மயில். 'இதுவும் உங்க தோப்பு மயில்தானா?' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். தங்கத்தில் ஒரு அம்பாரி. ராஜா யானை மேல் உட்காரும் ஸீட். முந்தின நாள் நாங்கள் உட்கார்ந்த பலகை ஞாபகம் வந்தது. அதையும் விழுங்கினேன். அரண்மனையைப் பார்த்துவிட்டுப் பசிக்காமல் வெளியே வந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருக்கும். அவ்வளவு விழுங்கியிருந்தேன்!

அன்றிரவு மைசூரிலேயே தங்கினோம். மறுநாள் திரும்பும் வழியெல்லாம் கார் எஞ்சின் மட்டும்தான் பேசியது. பழனியில் காப்பி சாப்பிட நிறுத்தினோம். பொன்னுச்சாமி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கேட்டார்:

"எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?"

நான் திடுக்கிட்டு வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

"அரமனைக்குள்ள ஒரு வார்த்தை பேசலீங்க. சம்பந்தம் புடிக்கலையோன்னு ராத்திரியெல்லாம் இவ தூங்கலீங்க."

என் வீட்டுக்காரி பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் இல்லங்க. நாந்தான் செத்த நேரம் சும்மா வாங்கன்னேன்" என்றாள்.

பொன்னுச்சாமி வீட்டம்மா அவளை உற்றுப் பார்த்தார். "ஒண்ணு கேக்கோணுமுங்க. பொண்ணு உங்களாட்டமுங்களா, அவங்கப்பாவாட்டமுங்களா?"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சரோஜாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவள் முன்னால் நானே அடக்கமானவன். ஒரு பொய் சொன்னால் கல்யாணம். உண்மை சொன்னால்?

என் வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பன் மாதிரிதாங்க. வாய் ஓயாது."

போச்சு என்று கண்ணை மூடினேன்.

"அப்பத் தட்டு மாத்திக்கலாமுங்க" என்றது அந்த அம்மாவின் குரல். "எங்க ஊட்டுல இவரும் பேச மாட்டாரு, பையனும் பேச மாட்டான். நான் எருமை மாட்டுக்கிட்டத்தானுங்க பேசிக்கிட்டிருக்கேன். அன்னைக்கு ஆனை மேல நீங்க எருமை மூச்சு வாங்கிக் காட்டுனீங்கள்ல... சிரிச்சு மாளலீங்க. பலகையோட கீழ விழுந்துருவேனோன்னு இருந்துச்சு!"

அது நடுக்கம் இல்லையாம். சிரிப்பாம்.

பொன்னுச்சாமியைப் பார்த்தேன். "சரிங்க" என்றார். அத்தனை மாதமாக நான் காத்திருந்த சொல், காப்பி டம்ளருக்குள் பார்த்துச் சொன்னார்.

ஆணை முடிந்ததா என்று வீட்டுக்காரியிடம் கண்ணாலேயே கேட்டேன். அவள் சிரித்தாள். பழனியிலிருந்து தொப்பம்பட்டி வரை, விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. கண்ணாடி மயிலும், தங்க அம்பாரியும். பின் ஸீட்டில் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வருகிற தை மாதம் கல்யாணம். ஒரு காட்டையும் ஒரு அரண்மனையையும் பார்த்து வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெண் கொடுக்கப் போகிறவர்கள் ஜாதகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நாலு பேரும் ஒரு யானை மேல் ஏறிவிடுங்கள். நம்மில் யார் எப்படி என்பது அந்தப் பலகைக்குத் தெரிந்துவிடும்.

புலி பார்த்தேனா என்றுதானே கேட்கிறீர்கள்? என் பேச்சை முழுசாகக் கேட்க அதற்குத்தான் கொடுத்து வைக்கவில்லை!