மஹ்மூது கட்டிய சீட்டுகள்

கீழக்கரைக்கு அருகே ஒரு சிற்றூரில், 1956 வாக்கில், பழைய சங்குக் கிடங்கு ஒன்றைக் கடல் காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். நாற்பது கண்ணாடிச் சாடிகள், மருந்துத் தண்ணீரில் மூழ்கிய மீன்கள், ஒரு கடற்பசுவின் மண்டையோடு. பெரிய காரியம் என்று சொல்ல மாட்டேன். கடலை வாசலில் வைத்திருக்கிற ஊருக்கு மீனைச் சாடியில் காட்ட வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் உள்நாட்டுக்காரர்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பவர்கள்.

கூடத்தைக் காத்தவர் மஹ்மூது. இருபது வருடம் சங்கு குளித்தவர். ஒரு காது முழுவதும், மறு காது பாதியும் போன பிறகு கரையேறியவர். குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. சாடிக்குள் இருக்கிற எதையும் பார்த்த மாத்திரத்தில் பேர் சொல்வார். அதனால் சாடியின் கழுத்தில் தொங்கிய பெயர்ச்சீட்டு அவருக்குத் தேவைப்படவில்லை. தேவைப்படாததில் மனம் முழுதாக நிற்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட்டுகளை அவிழ்த்து, சாடிகளைக் கழுவி, மருந்து மாற்றி, அவிழ்த்த வரிசையிலேயே திரும்பக் கட்டுவார். அந்த ஆனி மாதம் இரண்டு சீட்டுகள் இடம் மாறிவிட்டன.

மறுநாள் உலகம்மாள் வந்தாள். கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வேலை செய்தவள். மழை பொய்த்ததால், கரைவலையில் வரும் மீனைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தாள்.

"மீன் பேரு தெரியலேன்னு ஏசுறாக பாய்! அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன், வாசிச்சுட்டுப் போயிர்றேன்" என்று உரக்கச் சொன்னாள்.

ஒவ்வொரு சீட்டாக வாய்க்குள் முணுமுணுத்தபடி நகர்ந்தாள். ஒரு சாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். அவள் வாசித்தது மஹ்மூதின் காதில் விழவில்லை. அக்கறையான பெண் என்று நினைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் காலை, கூடத்தின் செயலாளர் சேதுராமன் வந்தார். அவரும் அதே சாடி முன்னால் நின்றார்.

"என்ன பாய் இது? கடல் பாம்புக்கு விலாங்குன்னு சீட்டுக் கட்டியிருக்கீக!" என்று அவர் காதருகே கத்தினார்.

உலகம்மாள் அந்தச் சாடி முன்னால் நின்றது மஹ்மூதுக்கு நினைவு வந்தது. கரைவலையில் மாதத்துக்கு நாலு பாம்பாவது வரும். கடித்தால் வலிகூடத் தெரியாது. ஆள் பிழைப்பது அரிது.

"யா அல்லா, அந்தப் புள்ள!" என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

கரையில் வலை ஏறியிருந்தது. துள்ளும் குவியலுக்குள் உலகம்மாளின் கை. அதற்கு ஒரு முழம் தள்ளி, நீளமாக ஏதோ நெளிந்தது.

"தொடாதே தாயி! பாம்பு! பாம்பு!"

உலகம்மாள் நிதானமாகக் கையை எடுத்து, வலையோரம் கிடந்த குச்சியால் அதை அலைப்பக்கம் தள்ளினாள்.

"அய்யோ, அது விலாங்கு மீனு!" என்று வலைக்குச் சொந்தக்காரர் தங்கசாமி தலையில் அடித்துக்கொண்டார். "உங்க கூடத்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்து இப்படித்தான் பாய். விலாங்கைக் கண்டாலே கடலுக்குத் தள்ளிர்றா. என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீக."

"பின்னே என்ன செய்யச் சொல்றீக?" என்றாள் உலகம்மாள். "காட்டுல பாம்போட பாம்பா வளந்தவ நான். சாடிக்குள்ள கிடக்கிறது பாம்புன்னு எனக்குத் தெரியாதா? விலாங்குன்னு எழுதியிருந்துச்சு. படிச்சவுக பொய்யா எழுதுவாக? இங்கன பாம்புக்கு அதான் பேரு போலன்னு நெனச்சேன். யாரு விலாங்குன்னு சொன்னாலும் கிட்டயே போறதில்லைன்னு வச்சுக்கிட்டேன்."

மஹ்மூது அப்படியே ஈரமணலில் உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். தங்கசாமியாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

உலகம்மாள் சீட்டை நம்பினாள். தன் கண்ணையும் கைவிடவில்லை. எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். தெரியாதவர்கள் நம்பி வருகிற இடம் அந்தக் கூடம் என்பது, தெரிந்தவரான மஹ்மூதுக்கு அன்றுதான் உறைத்தது.

அதன்பின் மருந்து மாற்றும் நாளில் உலகம்மாளுக்கு ஆள் அனுப்புவார். அவர் மீனைக் காட்டிப் பேர் சொல்வார். அவள் அதற்கான சீட்டைத் தேடி எடுத்து, அவர் காதில் கத்தி வாசிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிச்சு.

முதல் முறை விலாங்கின் முறை வந்தபோது, வாசலில் நின்ற தங்கசாமி கேட்டார்: "இனியாவது இதைக் கூடையில போடுவாளா, கேட்டுச் சொல்லுங்க பாய்."