எனக்குப் பதிலாக வேப்பிலை கட்டியவன்

சாமியும் கிடையாது, பேயும் கிடையாது, உலகத்தில் இருப்பதெல்லாம் இரும்பும் வேர்வையும்தான் என்று சொல்லிக்கொண்டே எழுபது வயதைத் தொட்டவன் நான். வேறு யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன், அதனால் நீங்கள் சிரித்தாலும் தப்பில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் சூடு ஆறாத கம்பியைத் தோளில் சுமந்து ஆரம்பித்தவன், இன்றைக்குத் தேர்வாய் கண்டிகை வரைக்கும் எந்தக் கம்பெனிக்கு ஆள் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். படித்த மேனேஜர் எனக்கு நாற்காலி போடுகிறார். வேலைக்கு ஆள் அனுப்புவதில் என்னை அடித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் ஒருத்தன் கிடையாது. நடந்த அசிங்கத்துக்கெல்லாம் அந்தத் தொழில்புத்திதான் காரணம்.

கோடை லீவில் மாப்பிள்ளை எங்களை ஒரு மலை ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்குக் கம்பிக் கயிறு கட்டி, இடுப்பில் பெல்ட் மாட்டி ஆளைத் தொங்கவிட்டு அனுப்புகிறார்கள், அதற்குச் சாகச விளையாட்டு என்று பெயர். வயதானவர்கள் வேண்டாமே என்று அங்கே நின்றவன் இழுத்தான். பெல்ட்டே இல்லாமல் ஷெட் கூரை மேல் நடந்தவன் நான், எனக்கா சொல்கிறாய் என்று ஏறினேன். மாட்டிய பெல்ட் வயிற்றைப் பிடிக்கிறது என்று, அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் நானே கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். பாதிக் கயிற்றில் நழுவிவிட்டேன்.

விழுந்த இடத்தைக் கேட்காதீர்கள். ரிசார்ட்டின் சமையல் கழிவெல்லாம் போய்ச் சேரும் குட்டை அது. புளித்த சோறு, கோழிக் குடல், சோப்பு நுரை, எல்லாம் ஊறிக் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. தலைக்கு மேல் மூடிக்கொண்டது. வாயில், மூக்கில், காதில் போனது. கயிறு போட்டு என்னைத் தூக்குவதற்குள் எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, உள்ளே நான் என்ன நினைத்தேன் என்றும் தெரியாது. டாக்டர் எலும்பையெல்லாம் பார்த்துவிட்டு, பாறையில் விழுந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், அந்தச் சேறுதான் உங்களைக் காப்பாற்றியது என்றார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கடவுள் கருணை, கடவுள் கருணை என்றார்கள். என்ன கருணை? பல நாள் சோற்றைப் பிசைந்தாலே அந்த நாற்றம்தான் எழுந்தது.

மேலே நின்ற என் மனைவி சரோஜா அந்த நேரத்தில் பெரியபாளையத்தம்மனைக் கூப்பிட்டு, இவர் உயிரோடு வந்தால் வேப்பிலை கட்டிக்கொண்டு உன்னைச் சுற்றி வருவார் என்று வேண்டிக்கொண்டாளாம். அது முடியும்வரை ராத்திரிச் சோறு கிடையாது என்று தட்டைத் தள்ளினாள். நாளாக நாளாக வளையல் முழங்கைக்கு ஏறுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். "ஆத்தா குடுத்தத திருப்பி வாங்கிக்கினா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள்.

ஆனால் எனக்கு அந்த வேப்பிலை வேஷத்தை நினைத்தாலே குமட்டியது. அத்தனை பேர் நடுவில், இந்தத் தொந்தியோடு, ஈர இலையைச் சுற்றிக்கொண்டு நடப்பதா? ஏழுமலையைப் போகச் சொன்னேன். ஆரம்பாக்கத்துக்காரன், என்னிடம் வெகுகாலமாக வேலை பார்ப்பவன், கையைக் கட்டி நிற்கமாட்டான், ஆனால் சொன்ன வேலையைத் தட்டமாட்டான்.

"சாமிக்குமா ஆள் அனுப்புவ?" என்றாள் சரோஜா.

ஒருத்தனுக்குப் பதில் இன்னொருத்தனை அனுப்பினால் கம்பெனிக்காரனே ஒத்துக்கொள்கிறான், அவளுக்கு என்ன வந்தது என்றேன். ஏழுமலை சிரித்தான். "ஓட்டு போடவா அனுப்புற நைனா, கைல மை வெச்சி புடிக்கிறதுக்கு? சாமிகிட்டதானே, போறேன் வுடு."

ஆடி ஞாயிறு. பெரியபாளையத்தில் கால் வைக்க இடமில்லை. மிதிபட்ட இலை, மொட்டை போட்ட மயிர், கோழி இறகு, எச்சில் தட்டு, எல்லாம் சேர்ந்து சகதியாகிக் கிடந்தது. நான் வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஏழுமலை குளித்து, இடுப்பில் வேப்பிலை கட்டி, சரோஜா பின்னால் வர, என் பெயரைச் சொல்லிச் சுற்றப் போனான்.

கொஞ்ச நேரத்தில் என் இடுப்பு அரிக்க ஆரம்பித்தது. மூட்டைப்பூச்சியோ என்று டிரைவரைத் திட்டினேன். அரிப்பு எரிச்சலானது, எரிச்சல் முதுகைச் சுற்றி வந்தது. சட்டையைத் தூக்கினால், நம்பினால் நம்புங்கள், இடுப்பைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு வேப்பிலை, ஓரத்தில் பல்லு பல்லாக, நடுவில் நரம்பு. வண்டிக்குள் ஒரு இலைகூட இல்லை. டிரைவர் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கியே போய்விட்டான்.

ஏழுமலை திரும்பி வந்தான். ஈர உடம்பு, ஒரு கீறல் இல்லை, ஒரு எறும்புக் கடி இல்லை. ஆனால் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சரோஜா கோயில் வாசலிலேயே பொங்கலைத் தின்றுகொண்டு நின்றாள், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அவன் என் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"நைனா, ரெண்டாவது சுத்துல மூச்சு முட்டிக்கிச்சு. வாயெல்லாம் நாத்தம், கறுப்பா, கோழிக் கொடலு. செத்தேன்னே நெனச்சேன். அப்பால மேல வந்தேன் பாரு, அழுக தாங்கல. இப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததே இல்ல."

குட்டையில் விழுந்தேன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். உள்ளே என்ன இருந்தது என்று நான் வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை, நினைத்தாலே வாந்தி வரும். எனக்கு வரவேண்டிய அந்த அழுகை இவனுக்கு வந்திருக்கிறது. எனக்குத் தடிப்பு. தூ என்றிருந்தது. அதோடு விட்டானா?

"அம்மா வேண்டுனத செஞ்சாச்சு. உள்ள முங்கினு இருந்தப்ப நீ கெடு வெச்சி ஒன்னு வேண்டிக்கினியே, அத எப்ப செய்வ?"

நான் எதையும் வேண்டவில்லை என்றேன். என்னடா அது, சொல்லித் தொலை என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "வேண்டிக்கினவங்கதான் சொல்லணும் நைனா. நான் சொன்னா ஆவாது" என்று தலையைத் துவட்டப் போய்விட்டான்.

தடிப்பு இரண்டே நாளில் அடங்கிவிட்டது. சரோஜா இப்போது ராத்திரியும் சாப்பிடுகிறாள். ஏழுமலை கேட்டதைச் சொன்னால் மறுபடியும் தட்டைத் தள்ளுவாள், அதனால் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கிறேன், அந்த நாற்றமும் இருட்டும் வருகிறதே தவிர நான் என்ன கேட்டேன், பதிலுக்கு எதைத் தருகிறேன் என்றேன், எந்த நாளுக்குள் என்றேன், ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. அவனை வேலையை விட்டு அனுப்பவும் பயம், அவனும் போய்விட்டால் அது யாருக்குத் தெரியும்?

அன்றிலிருந்து தினமும் காலையில் ஏழுமலை கம்பெனி வண்டியில் ஏறும்போது, ஞாபகம் வந்ததா என்கிற மாதிரி என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். எரிச்சலாக இருக்கும். இந்த வாரம் அவன் பார்க்கவில்லை. செத்தவர் வீட்டு வாசலைக் கடக்கிறவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு ஏறிப்போகிறான்.