என் கோழியைத் தின்றுவிட்டு ஆடப் போன அண்ணன்

விளக்கெண்ணெய் தடவிய தோல் பந்தின் வாசனை உங்களில் யாருக்காவது தெரியுமா?

எங்கள் வீட்டில் சாம்பிராணியை விட அந்த வாசனைதான் அதிகம். அந்தக் காலத்து பாஸ்கெட்பால் இப்போது மாதிரி ரப்பர் இல்லை. தோல் பந்து... உள்ளே பிளாடர், சைக்கிள் பம்பில் காற்றடித்து, வாயை வார் போட்டுக் கட்ட வேண்டும். சனிக்கிழமையானால் சவரி அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். எண்ணெய் போட்டுத் துடைப்பது நான். கைதட்டல் வாங்குவது அவன்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஆவூர் பக்கம் எங்கள் ஊர். மாதா கோயிலை ஒட்டி பங்குச் சாமியார் போட்டுக்கொடுத்த மண் கோர்ட், இரண்டு பக்கமும் பனங்கம்பத்தில் பலகை அடித்து இரும்பு வளையம். அண்ணன் நொட்டாங்கைக்காரன். வீட்டில் அந்த இடது கையால் சோற்றைத் தொட்டால் அம்மா அகப்பையால் ஒன்று போடுவாள். கோர்ட்டில் அதே கையைப் பார்க்கத்தான் குன்றாண்டார்கோவிலில் இருந்தெல்லாம் சைக்கிள் மிதித்து வந்தார்கள்.

பெண் பிள்ளைகள் போகக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம், இந்தப் பக்கம் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு. பந்து தரையில் விழுகிற சத்தம் கேட்கும். "சவரி... சவரி..." என்று ஊரே கத்துவது கேட்கும். நான் பத்துக் கட்டளையை ஒப்பித்துக்கொண்டே வயிறெரிந்துகொண்டிருப்பேன்.

பொறாமைதான். மூடி மறைக்க என்ன இருக்கிறது?

நான் ஒரு புள்ளிக்கோழி வளர்த்தேன். குஞ்சிலிருந்து வளர்த்தது, என் குரலுக்கு வரும். அது இடுகிற முட்டை அத்தனையும் அண்ணனுக்கு. பச்சையாக உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டு போவான். ஒருநாள் எனக்கு ஒன்று கேட்டேன்.

"வெளையாடுற புள்ளைக்குத் தெம்பு வேணும்டி. நீ என்ன ஓடவா போற?" என்றாள் அம்மா.

பிறகு புதுக்கோட்டையில் அந்தப் பெரிய மேட்ச் வந்தது. மதுரையிலிருந்து ஒரு டீம் வருகிறது என்று ஊரே ஒரு வாரமாக அதைத்தான் பேசியது. மேட்சுக்கு முதல் நாள் ஸ்கூல் விட்டு வந்தேன், அடுப்பில் ரசம் கொதிக்கிறது. கொல்லையில் புள்ளி இறகு கிடக்கிறது.

ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "பிலோமி, நாளைக்கு பொம்பளையாளுகளுக்கும் தனியா பெஞ்சு போடுறாங்களாம். அம்மாவுக்கு நடவு இருக்கு. நாங்க வெள்ளனயே போயிருவோம். நீ நம்ம தெருக்காரவுகளோட மத்தியான பஸ்ஸுல வந்துரு."

"என் கோழியத் தின்னவன் ஆட்டத்த நான் எதுக்குப் பாக்கணும்?"

"ஜெயிச்சுட்டு வாரப்ப ஒனக்கு ரெண்டு கோழி வாங்கியாரேன்."

"ஒண்ணும் வேணாம், போ."

போகவில்லை. தெருப் பெண்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கிடைத்த வாய்ப்பு... பதிமூன்று வயசு ரோஷம்.

ஜெயித்தார்கள். பந்துப் பையில் இரண்டு கோழிக்குஞ்சுகளைப் போட்டுக்கொண்டு வந்தான். குஞ்சுகளை வாங்கிக்கொண்டேன். எப்படி ஆடினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் டைபாய்டு. பதினெட்டு நாள் படுத்திருந்தான். இருபத்தொரு வயது.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாரோ என் தலையைத் தடவி, "புதுக்கோட்டையில ஒங்கண்ணன் ஆடுன ஆட்டத்த நீ பாத்தீல்ல தாயி" என்றார். நான் தலையாட்டினேன். அன்று ஆட்டிய தலையை இன்று வரை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

வருஷா வருஷம் அவன் நினைவு நாளில் காலையில் பூசை, சாயங்காலம் மேட்ச். எனக்கு முதல் வரிசை நாற்காலி, ஒரு சால்வை. மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாம் அந்தப் புதுக்கோட்டை ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். அவன் எம்பியது, மதுரைக்காரர்களே கை கொடுத்தது. என் அண்ணன்... ஆனால் அவனை வைத்திருப்பது அவர்கள். என்னிடம் இருப்பது எண்ணெய் வாசனையும் முட்டை ஓடும். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அதே கோர்ட் சிமெண்ட் ஆகிவிட்டது. பெண் பிள்ளைகள் ஷார்ட்ஸ் போட்டு ஆடுகிறார்கள், அம்மாக்கள் போனில் வீடியோ எடுக்கிறார்கள். எண்பதைத் தாண்டியும் அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குப் பொறாமை என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

இந்த வருஷம் ஆரோக்கியம் அண்ணன் வந்திருந்தார். அண்ணனோடு ஆடிய டீமில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். பேரன் கையைப் பிடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்குப் புதுக்கோட்டையில நீ எந்தப் பெஞ்சுல ஒக்காந்திருந்த?"

"ஏண்ணே?"

"கூடை போட்ட ஒவ்வொரு தடவையும் சவரி பொம்பளையாளுக பெஞ்சுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்தான். ஒருவாட்டி பந்து வாரதக்கூட பாக்கல. நான் வஞ்சேன். 'இருடா, என் தங்கச்சி வந்திருக்கும்'னான். கண்டுபுடிச்சானான்னு அப்பறம் கேக்காமலே விட்டுட்டேன்."

"கடைசிப் பெஞ்சுலண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

இதை இங்கே எழுதுவது ஏனென்றால், அன்று அந்தப் பெஞ்சுகளில் இருந்த பெண்கள் யாராவது இன்னும் இருக்கலாம். உங்கள் அம்மாவாக, பெரியம்மாவாக இருக்கலாம். இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அவன் ஆட்டத்தைப் பற்றி வேண்டாம், அது ஊருக்கே தெரியும். என்னைத் தேடியபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள்... அவர்கள் பார்த்திருப்பார்கள்.