ஒரு பாட்டில் காக்காப்பொன்

என் கணவர் போர்வெல் ரிக் லாரியில் சூப்பர்வைசர். ஆற்று மணலை அரித்துத் தங்கம் எடுப்பதை மொபைலில் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மகளையும் சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை அடிவார ஓடைக்கு அழைத்துப் போனார்.

அரிசியில் கல் அரிப்பது போலத்தான் வேலை. நானும் அலுமினியத் தட்டில் மணலை அள்ளி அரித்தேன். அடியில் மினுமினுவென்று தங்கியதை அவர் பாட்டிலில் சேர்த்தார்.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா, "ஏனுங்க, தண்ணி கலங்கிச் சருகு வருதுங்க. மலையில மழை. மேல ஏறிருங்க சாமி" என்றார்.

எங்கள் தலைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. "பூமிக்குள்ள எங்க தண்ணி இருக்குதுன்னு சொல்றவன் நானுங்க. எனக்குத் தெரியாதுங்களா" என்று சிரித்தார் இவர். நானும் உடனே ஏறாமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும்தான் மகளை இழுத்துக்கொண்டு கரையேறிக் கத்தினேன். "இரு புள்ள, இந்த ஒரு தட்டு" என்றார்.

அதற்குள் வெள்ளம் அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. அந்த அம்மா தழை பறிக்கும் தொரட்டியை நீட்ட, அதைப் பிடித்துத்தான் கரை சேர்ந்தார். பாட்டிலை மட்டும் விடவில்லை.

நகை ஆசாரி பார்த்ததுமே, தங்கமில்லை, வெறும் காக்காப்பொன் என்றுவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. சொந்தக்காரர்களிடம் இவர் தானே நீந்தி வந்ததாகச் சொல்கிறார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போதெல்லாம் ஆறு, ஓடைக்குப் போனால் அங்கே ஆடு மேய்ப்பவர்களைத்தான் கேட்கிறேன். ஏறச் சொன்னால் மகளோடு ஏறிவிடுகிறேன். இவர் முகத்தைப் பார்ப்பதில்லை. நீந்தி வந்த கதையை இவர் ஆரம்பித்தால், தொரட்டியைச் சொல்லி நான் முடித்து வைக்கிறேன்.