தரைவரை அமுங்கிய பெடல்

“ஏம்பா, பதினொண்ணாவது பாஸ் பண்ணிட்டா பிரேக்கு வந்து இதுகிட்ட பேசுமா?”

உப்பளத்து முதலாளி இதை என்னிடம் கேட்கவில்லை. எதிரில் நான் நிற்க, தன் காரை ஓட்டும் என் அப்பாவிடம் கேட்டார். நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் கடைசி வகுப்பும் பாஸ் பண்ணிய பிறகு யாரும் என்னோடு நேராகப் பேசுவதில்லை. உப்பு வாரும் பெண்கள் நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். முதலாளி வீட்டுக்கு நான் டிரைவர் பொண்ணு. அம்மா போன பிறகு வீட்டிலும் சத்தம் இல்லை.

அன்று காலை நைனா முதலாளியை ஏற்றிக்கொண்டு அளத்துக் கரைமேல் வந்திருக்கிறார். கார் நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போய்விட்டது. மறுபடி மிதித்தாலும் பிடிப்பே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, உப்புக் குவியலில் முட்டி நிறுத்தினார். முதலாளிக்கு நெற்றியில் வீக்கம். பானெட்டைத் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் டப்பா காலி.

“ஆயில் ஊத்தாம ஓட்டியிருக்கான். நாளையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறேன்” என்று முதலாளி முடித்துவிட்டார்.

உப்புப் பாத்தியில் நின்று நின்று கால் வெடித்துப்போனதால்தான் நைனா வண்டி ஓட்டவே கற்றுக்கொண்டார். இந்த வேலை போனால் அதே காலோடு அதே உப்புத்தண்ணீரில் இறங்க வேண்டும். சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் திரும்பி வர முடியாமல் நின்றேன்.

“டப்பா காலிதாங்க. ஆனா ஆயில் கொஞ்சங் கொஞ்சமா போச்சா, இன்னைக்கி ஒரேடியா போச்சான்னு பாக்கணுமில்லீங்களா?” என்றேன். அதற்குத்தான் முதலாளி, பிரேக்கு பேசுமா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். “பேசாதுங்க. ஒழுகும்” என்றேன்.

“சரி, பாரு. பாத்துட்டு உங்கப்பன இட்டுக்கினு போ.”

காரை முதலாளியின் கார் ஷெட்டுக்குத் தள்ளி வந்திருந்தார்கள். முதலில், அது வழக்கமாக நிற்கும் சிமெண்டுத் தரையைப் பார்த்தேன். பிரேக் ஆயில் கறை எங்கும் இல்லை. நான்கு சக்கரங்களின் உட்பக்கமும் காய்ந்தே இருந்தது. பௌதிக வகுப்பில் படித்ததுதான்: மூடிய குழாயில் எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால் எல்லா இடத்திலும் அழுத்தும். வழியில் எங்காவது ஓட்டை இருந்தால் நான்கு சக்கரத்துக்கும் ஒன்றும் போய்ச் சேராது. டப்பாவில் புது ஆயிலை ஊற்றிவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் போனேன்.

“மெதுவா மிதி நைனா.”

“உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்” என்றபடி மிதித்தார்.

பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். ஆயில் என் கன்னத்தில் அடித்தது. அங்கே பைப்பைத் தொட்டதும் பொரித்த அப்பளம்போல உதிர்ந்தது. நாள்கணக்காக ஒழுகியிருந்தால் கரைப்புழுதி அதில் ஒட்டிப் பிசைந்த மாவாக இருக்கும். இங்கே சுத்தமான ஈரம்தான். காலையில்தான் வெடித்திருக்கிறது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து கழுத்தில் இன்னொரு சொட்டு விழுந்தது. அது ஆயில் இல்லை. நாக்கில் வைத்தால் கசப்பாக உப்புக் கரித்தது.

அளத்திலிருந்து வண்டி வெறுமனே வெளியே போகக் கூடாது என்பது முதலாளி வீட்டு வழக்கம். எங்கே போனாலும் டிக்கியில் ஒரு மூட்டை உப்பு. அன்றன்று வாரிய உப்பு என்பதால் சாக்கு ஈரமாகவே இருக்கும். டிக்கியின் தகடு அரித்து ஓட்டையாகி, அந்தத் தண்ணீர் வருஷக்கணக்காக ஒரே இடத்தில், அந்தப் பைப்பின்மேல், சொட்டியிருக்கிறது.

முதலாளியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“எங்கப்பா காலத்துலேர்ந்து வெக்கிற மூட்டை.”

“வையுங்க. காயவெச்சு வையுங்க.”

அவர் நைனா பக்கம் திரும்பினார். “பைப்ப மாத்திட்டு நாளைக்கி வண்டிய எடு. பொண்ண இனிமே ஷெட்டுப் பக்கம் இட்டாராத.”

வீட்டுக்கு நடந்தோம். நைனா முன்னால் போனார். ஏதாவது சொல்வார் என்று குப்பம் வரும்வரை காத்திருந்தேன்.

“வேல நெலச்சிது. அது போதும். இன்னொருவாட்டி அவரு எதிர்ல நீ வாயத் தொறக்காத” என்றார். நான் சோறு போட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். கன்னத்தில் ஆயில் காய்ந்து இழுத்தது. அதைக் கழுவ மனசு வரவில்லை. அந்தக் காருக்கு அடியில் கிடந்தபோது மட்டும்தான் நான் தனியாக இல்லாததுபோல் இருந்தது. இதை யாரிடம் சொல்வது?

அடுத்த வாரம் கூனிமேட்டில் ரோட்டோரமாக லாரி ரிப்பேர் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் போனேன்.

“கணக்கு எழுதறதுக்காம்மா?”

“இல்லீங்க பாய். வண்டி வேலைக்கி.”

சிரித்தார். நான் நகரவில்லை. “கையெல்லாம் கருப்பாயிடும்மா” என்றார்.

“ஆவட்டுங்க.”

நைனாவுக்கு இன்னும் தெரியாது. அவர் முதலாளியின் காரை எடுக்கப் புறப்பட்டதும் நான் கூனிமேடு வழியாகப் போகும் பாண்டி பஸ்ஸைப் பிடித்துவிடுகிறேன். நேற்று ஒரு வேனின் பின்சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூ மாற்றினேன்.