வாசலில் மீனுவின் சப்பாத்து

கதைக்க ஆள் கிடைத்தால் எனக்குக் கால் நகராது. அன்று ஹலோவீன். நாங்கள் குடிவந்த கிளென் ஈடனில் என் மகள் மீனுவும் தெருப் பிள்ளைகளும் சூனியக்காரி வேஷம் போட்டு, வீடு வீடாக இனிப்பு வாங்கினார்கள். பக்கத்து வீட்டு மதுரைக்காரி வித்யாவோடு கதைத்தபடி பின்னால் நடந்தேன்.

"அக்கா, மீனு எங்க?" என்றாள் வித்யா.

தெரு நிறையச் சூனியக்காரிகள். எல்லோருக்கும் ஒரே கறுப்புத் தொப்பி, ஒரே முகமூடி. "மீனு!" என்று கத்தினேன். ஒருத்தியும் திரும்பவில்லை. ஊரார் பிள்ளைகளின் முகமூடியைத் தூக்கிப் பார்க்கவா முடியும்?

"அக்கா, அங்க பாருங்க, ஷூ!"

ஒரு வீட்டு வாசலில் என் ஆறு வயது மகளின் சிவப்புச் சப்பாத்து சோடியாக இருந்தது. கதவு திறந்திருந்தது. முற்றத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பதறி நின்றார். "அவளாகவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். தனியாக அவளோடு இருக்கக் கூடாதென்று நான் வெளியே வந்துவிட்டேன்" என்றார் ஆங்கிலத்தில்.

மீனு சோபாவில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை உள்ளுக்குப் போனனி?"

"யூ டோல்ட் மீ, அம்மா! வாசலோட போனா மரியாதை இல்லை எண்டு."

ஓம், நான்தான் பழக்கினேன். யார் வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே போய் இருந்து, தருவதைச் சாப்பிட்டு வர வேண்டும் என்று.

கிழவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவளைக் கூட்டிவந்தேன்.

"இனி ஒருத்தற்ற வீட்டுக்குள்ளயும் போகக் கூடாது."

"வித்யா அன்ரி வீட்டுக்கும்?"

வித்யா என் முகத்தைப் பார்த்தாள். ஊர்க்கதையெல்லாம் கதைக்கிற நான், மீனுவின் சப்பாத்தைச் சரிசெய்யக் குனிந்தேன். இன்றைக்கும் யாராவது எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினால், அந்தக் கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது.