ஆறு விரல்

கூழ்க்கடை போடும் யோசனை என் அம்மாவுக்கு ஒரு காலிச் சட்டியைப் பார்த்துத்தான் வந்தது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து வாசலில் நானும் அவளும் நைனாவுக்குக் கேழ்வரகுக் கூழ் எடுத்துக்கொண்டு நின்றிருந்தோம். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. மண்ணும் வியர்வையுமாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், நைனா வரவில்லை.

"அவரை அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்திக்கினாங்கம்மா" என்றார் ஒருவர். சொல்லிவிட்டுப் போகாமல் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவரு வர்றதுக்குள்ள புளிச்சிப்பூடும்."

அம்மா சிரித்துவிட்டு ஊற்றிக் கொடுத்தாள். அவர் பின்னால் இன்னொருவர் கையேந்தினார், அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். சட்டி காலியானதும் அம்மா அதைப் பார்த்தாள், கேஜைப் பார்த்தாள், வாசலில் இருந்த புங்க மரத்து நிழலைப் பார்த்தாள். "இங்கியே ஒரு அடுப்பு இருந்தா?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

எட்டு வயதில் எனக்குக் கடை என்றால் ஒரு அடுப்பு, ஒரு பானை, ஒரு அம்மா. மறுநாளே தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. சுரங்கத்தில் பாறையில் துளை போடுவது வேலை; ஆனால் கம்பெனி கொடுத்த எங்கள் மூங்கில் தட்டி வீட்டு வரிசையில் சட்டம் தெரிந்தவர் என்று பேர் எடுத்தவர். ஒரு தடவை யாருக்கோ சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போய், கூப்பிடுவார்கள் என்று நாள் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்து, கூப்பிடாமலே திரும்பி வந்தவர். அந்த ஒரு நாளில் வராந்தாவில் அவர் கற்றுவந்த சட்டம் எங்கள் வரிசை முழுக்கப் போதுமானதாக இருந்தது.

"இன்னாக்கா நெனச்சிக்கினு கீற?" என்றார். "இங்க மண்ணு கம்பெனி மண்ணு. கல்லு கம்பெனி கல்லு. அடுப்புக்கு மூணு கல்லு வெப்பியே, அதுக்கும் சீட்டு வேணும்."

"நெருப்பு?" என்று கேட்டாள் அம்மா.

மாமா கொஞ்சம் யோசித்தார். "நெருப்பு உன்னுதுதான்" என்று பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார்.

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. வழி நீளமாகத்தான் இருந்தது. முதலில் சுகாதார இன்ஸ்பெக்டர். அது பிளேக் பயம் ஊரைப் பிடித்திருந்த சமயம். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறாய், பானையை எதனால் தேய்க்கிறாய் என்று கேள்வியாகக் கேட்டார். அம்மா அவர் கண்ணெதிரிலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அது கொதித்து அடங்கும்வரை அவரை எழுந்து போகவும் விடவில்லை. சீக்கிரம் போனால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது காவல்காரர். சுரங்க வாசலில் பானை வைப்பவள், பானைக்குள் தங்கம் வைத்துக் கடத்த மாட்டாள் என்பதற்கு அவர்தான் உறுதி சொல்ல வேண்டும். அவர் வந்ததும் பேச்சில்லாமல் கையிலிருந்த பிரம்பைக் கூழ்ப்பானைக்குள் விடப் போனார்.

"பிரம்பைக் கழுவினீங்களா?" என்றாள் அம்மா.

அவர் நின்றுவிட்டார். அம்மா அகப்பையை நீட்டினாள். "இதால நல்லாக் கிளறுங்க. தங்கம் கெடச்சா ஆளுக்குப் பாதி."

வரிசையே சிரித்தது. காவல்காரரும் சிரித்துவிட்டார்; சிரித்த பிறகு மறுக்க முடியாது அல்லவா.

மிச்சம் இருந்தது மைன் ஆபீஸ். அங்கே குமாஸ்தா சீட்டு எழுதி, துரை கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினால் கடை. சீட்டில் கடைக்கு உரியவர் பேர் எழுதவேண்டும். அது நைனா பேர் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. தொல்லை என்னவென்றால், நைனா வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் நிற்க முடியாது. அம்மா நைனா பேரைச் சொல்ல மாட்டாள். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. யாராவது கேட்டால் ஏழு விரலை விரிப்பாள், பிறகு கையைக் குவித்து மலை காட்டுவாள். ஏழு, மலை. வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்களுக்கு அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் வெங்காயம் விற்பவருக்குக்கூட உடனே புரியும். நான் சொல்லலாம், மகளுக்குத் தடையில்லை. ஆனாலும் அம்மாவுக்கு மரியாதையாக இங்கே நானும் விரலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகவே மாமா கூட வந்து பேரைச் சொல்வதாக ஏற்பாடு. சொல்லும்போது எப்படி நிற்பது, துண்டை எங்கே வைத்துக்கொள்வது என்றெல்லாம் ஒத்திகை பார்த்தார். ஆனால் போக இருந்த அன்று காலையில் அவரை வேறு ஷிப்டில் கீழே இறக்கிவிட்டார்கள்.

"நாளைக்கு மாமாவோட போலாம்மா" என்றேன்.

"இன்னிக்கே போலாம், வா" என்றாள். தலையை வாரிக்கொண்டு, வெளுத்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள் நான். எழுத்து தெரிந்த துணை வேண்டும் என்றுதான் அழைத்துப் போகிறாள் என்று பெருமையாக நடந்தேன்.

குமாஸ்தா தெலுங்குக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தாளையும் காவல்காரர் தாளையும் புரட்டினார். பேனாவை மையில் தோய்த்தார். "ஏமம்மா, பேரு?"

அம்மா தலையைக் குனிந்தாள். கையை உயர்த்தினாள். ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் ஒன்று.

ஆறு.

ஆபீஸ் பயத்தில் அம்மாவுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. முந்தானையை இழுத்தேன். அவள் திரும்பவில்லை.

"ஆறுமுகமா?" என்றார் குமாஸ்தா.

அம்மா இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மலையைக் காட்டினாள்.

"ஆறு... மலை? அப்படி ஒரு பேரா?"

மறுபடியும் இல்லை என்று பலமாகத் தலையாட்டல். மறுபடியும் அதே ஆறு விரல். உள்ளே துரை இருமுவது கேட்டது. குமாஸ்தா பேனாவிலிருந்து மை சொட்டிவிடும் போலிருந்தது. அவர் பொறுமையிழந்து என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லு பாப்பா. கடைக்காரங்க பேரு இன்னா?"

பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கேட்டதற்கு மட்டும் பதில் சொல். யார் கடை வைக்கப் போவது? யார் அடுப்பு மூட்டப் போவது? நான் கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னேன்.

"முனியம்மா."

குமாஸ்தா எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் நிமிர்ந்து, "பொம்பள பேரு" என்றார். அம்மாவைப் பார்த்தார். "சரிதானாம்மா?"

அவ்வளவு நேரம் அப்படித் தலையை ஆட்டியவள் இப்போது அசையாமல் நின்றாள். குமாஸ்தா தோளைக் குலுக்கிவிட்டுத் தாளை உள்ளே கொண்டுபோனார். துரை படித்துப் பார்க்கவில்லை. முத்திரை விழுந்தது.

அன்று சாயங்காலம் மாமா குதித்தார். "ஆம்பள குத்துக்கல்லாட்டம் கீறப்போ பொம்பள பேருல சீட்டா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க? குடு, நான் போயி மாத்தி எழுதி வாங்கினு வரேன்."

நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் அவருக்கு ஒரு இருமல் இருந்தது. பாறைத் தூசி என்பார், சுக்குத் தண்ணீர் குடிப்பார். இருமி முடித்துவிட்டுச் சீட்டை வாங்கி என்னிடம் நீட்டினார். "படி."

படித்தேன்.

"இன்னொரு தபா படி. அந்தப் பேரை மட்டும்."

படித்தேன். அவர் வாய்க்குள் அந்தப் பேரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவரும் அதுவரை அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிறகு மாமாவிடம், "வுடு மச்சான். துரை கையெழுத்து போட்டதை அடிச்சா கோச்சுக்குவாரு" என்றார். அம்மாவைப் பார்த்து, "முதலாளியம்மா, உன் கடையில எனக்கு இன்னா வேலை?"

"குடிக்கிற வேலைதான்" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

புங்க மர நிழலில் அடுப்பு எரிந்தது. இரண்டு வருஷத்துக்குள் நைனாவால் ஏணியில் நாலு படி ஏற முடியாமல் போயிற்று. கம்பெனியின் ஆள் கணக்கேடான ரோலில் அவர் பேரை வெட்டினார்கள். எங்கள் பேச்சில் வேலை போவதற்கு அதுதான் சொல்: பேர் வெட்டிட்டாங்க. ரோலில் பேர் இல்லாதவருக்குத் தட்டி வீடு கிடையாது. அவர் பேரில் இருந்த எதுவும் கிடையாது. கம்பெனி எல்லைக்கு வெளியே ஒரு குடிசைக்கு மாறினோம். ஒரு நாள் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் கடையைப் பிரிக்க வந்தான். அம்மா சீட்டைக் காட்டினாள். அவன் தன் கையிலிருந்த தாளையும் சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒரு குவளைக் கூழ் குடித்துவிட்டுப் போய்விட்டான். முனியம்மா என்ற பேரை வெட்ட அவர்களிடம் ரோலே இல்லை.

சிவசமுத்திரத்திலிருந்து கம்பியில் மின்சாரம் ஓடிவந்து எங்கள் சுரங்கத்துக்கு விளக்கேற்றுகிற காலம் இது. பதினாறு வயதாகிவிட்ட எனக்கு இப்போது எதைப் பார்த்தாலும் ஏதாவது தொடங்கவேண்டும் போலிருக்கிறது. போன வாரம் கடையில் அம்மா கூழ் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேஜிலிருந்து கூட்டமாக வருகிறார்கள். யாருக்கு எத்தனை குவளை, யார் இன்னும் குடிக்கவில்லை என்று ஒரு முறை பார்த்தே வைத்துக்கொள்கிறாள், ஒருநாளும் தவறியதில்லை. அகப்பை பானைக்கும் குவளைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த ஆறு விரல் என் நினைவுக்கு வந்தது. பயத்தில் எண்ணிக்கை தவறுகிறவளா இவள்?

அந்த இருமல் சுக்குத் தண்ணீரில் போகாது, நைனா பேரை ஒரு நாள் வெட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வுடு மச்சான் என்றாரே நைனா, அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர் பயந்துவிடக் கூடாது என்று இன்னொருவர் மறைத்துக்கொண்டு, இரண்டு பேருமாக ஒரே கடையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நடுவில் நான், கேட்டதற்குப் பதில் சொன்ன கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கப்போகிறேன். எந்தத் தாள் எந்த வாசலுக்கு என்று தெரியாமல் திரும்பிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதற்கும் சீட்டு வேண்டும். அதற்கும் அதே ஆபீஸ். நாளைக்குப் போகிறேன். நைனா சாக்கு விரிப்பில் உட்கார்ந்தபடியே, துணைக்கு யார் வருவது என்று கேட்டார்.

"நான் வரேன்" என்றாள் அம்மா. "உன் பேரு இன்னான்னு கேட்டா, இந்தத் தபா நான் சொல்றேன்."